இரண்டு போத்தல் உயரம்

ஒலுவிலில் இருந்து விடிய ஐந்தரைக்கு
வெளிக்கிட்டது பஸ்.
மறுகா அக்கரைப்பற்றில் நின்றது,
நுஸ்கியாவின் உம்மா
முப்பத்தெட்டுப் பேருக்குக் கட்டித் தந்த
சோற்றுப் பொதிகளை ஏற்ற.
உகணை தாண்டும்வரை பாட்டு.
பிறகு காடு.
யாரும் நிறுத்தச் சொல்லவில்லை,
பாட்டு தானாகக் குறைந்தது.

ராஜகல.
ஒருநாள் களப்பயணம், இரண்டாம் வருடம்,
பதினைந்து புள்ளி.
படத்துக்கு முன் குறிப்பு என்றார் சேர்.
நாங்கள் குறிப்புக்கு முன் படம் எடுத்தோம்.

கற்படிகளை வேர்கள் தூக்கிப் பிடித்திருந்தன,
கலியாண வீட்டில் சஹன் கொண்டுவருகிறவர்கள் போல.
அபாயாவின் கரையை இடக்கையில் சுருட்டியபடி
முந்நூறு வரைக்கும் எண்ணினேன்.
அதற்குமேல் மூச்சைத்தான் எண்ண முடிந்தது.
யதுர்சிகாவின் செருப்பு அறுந்தது.
தலைமயிர் பட்டியால் அதைக் கட்டிக்கொண்டு
விரித்த கூந்தலோடு ஏறினாள்,
திட்டித் திட்டி.

மேலே
வகுப்பில் படித்த பிராமி,
வெயிலில்.
க என்பது கூட்டல் குறி.
பாறையில் யாரோ
எதையோ கூட்டிக்கொண்டே போயிருக்கிறார்கள்,
விடை எழுதாமல்.

செதுக்கி முடிக்காத சிலையில்
உளியின் தடம் அப்படியே.
பகல் சாப்பாட்டுக்குப் போன சிற்பி
இன்னும் வரவில்லை,
அவ்வளவுதான் என்று பட்டது.
எங்களுக்கும் பசித்தது.
பொதிக்குள் கணவாய்க் கறி.
தள்ளிப் போய், மரியாதையாய் அவிழ்த்தோம்.

அங்கேதான் அவள் இருந்தாள்.
சந்தமாலி.
என் வயதுதான் இருக்கும்.
நாட்கூலிக்கு மண் அரிக்கிறாள்,
பெயின்ட் பிரஷால்
செங்கல்லுக்கு முகம் துடைத்துவிடுகிறாள்.

என் சிங்களம் சந்தைச் சிங்களம்.
அவள் தமிழ் அதிலும் கொஞ்சம்:
வாங்க, போங்க, எவ்வளவு.
ஆனால் இசட் ஸ்கோர்
இரண்டு பாஷையிலும் இசட் ஸ்கோர்தான்.
அவளுக்குத் தவறியது
தசமப் புள்ளிக்குப் பிறகு இரண்டாம் தானத்தில்.
எனக்குக் கிடைத்ததும் அதே தானத்தில்.
அதை நான் சொல்லவில்லை.

மலை எத்தனை அடி என்று கேட்டேன்,
அறிக்கைக்கு வேண்டும்.
வெறும் போத்தலை ஆட்டி
இரண்டு விரல் காட்டினாள்.
ஏற ஒன்று, பகலுக்கு ஒன்று.
இறங்க?
சிரித்தாள். இறங்கத் தண்ணி எதற்கு.

என் போத்தலில் பாதி கிடந்தது. கொடுத்தேன்.
வாங்கியவள் குடிக்கவில்லை.
மேற்பார்வைக்காரர் பார்க்கிறாரா என்று
ஒருதரம் கிறுகிப் பார்த்தாள்,
பிறகு உடைந்த செங்கல் ஒன்றில்
கொஞ்சம் ஊற்றினாள்.
சாம்பல் சிவப்பானது.
நனைந்த இடத்தில் நாலு பள்ளம்.
என் கையை இழுத்து வைத்தாள்:
விரல்கள்.
பச்சைக் கல்லைத் தூக்கியவரின் விரல்கள்,
அப்படியே சுடப்பட்டவை.

எனக்குப் பெரிதாக இருந்தது.
பேனை பிடித்த விரல்
பள்ளத்துக்குள் ஆடியது.
அவள் வைத்தாள்.
இறுகப் பொருந்தியது.
ஒன்றும் பேசவில்லை,
நனைந்த கையைப் பாவாடையில் துடைத்தாள்.

சேர் விசில் ஊதினார். மூன்றரை.
பொழுதுபட்டால் யானை இறங்கும் பாதை.
கீழே வந்து அண்ணாந்து பார்த்தால்
மலை சின்னதாகத்தான் தெரிந்தது.
பஸ்ஸில் எல்லாரும் நித்திரை,
யதுர்சிகா மட்டும் வெறுங்காலைத் தூக்கிவைத்து
முள் தேடினாள்.
அம்பாறை வரும்வரை
எனக்குத் தொண்டை காய்ந்தது.

அறிக்கை ஆயிரத்து ஐந்நூறு சொல்.
அமைவிடம், காலம், கல்வெட்டு, உயரம்.
உயரத்தை இணையத்தில் எடுத்துப் போட்டேன்.
சரியான இலக்கம்தான்.

பதினைந்துக்குப் பதின்மூன்று வந்தது.
குறைந்த இரண்டும் எதற்கென்று
சேரிடம் கேட்கத்தான் போனேன்.
கதவடி வரைக்கும்.
மறுகா விட்டுட்டன்.